நினைவும் நினைவை அறிபவனும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் யூதத் தெருவுக்குச் செல்பவரை முதலில் வரவேற்பது மிளகு, சுக்கு, ஏலக்காய் ஆகியவற்றின் மணமே. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் ஆலயம் அங்கே இன்றும் இருக்கிறது. ஆனால் 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு, கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் படிப்படியாக அந்நாட்டில் குடியேறிவிட்டனர். அவ்வாறு கடல் கடந்து சென்ற ஒருவர், எங்கோ ஒரு சமையலறையில் மிளகு இடிபடும் மணத்தை நுகர்ந்தால் போதும், பிறந்த தெரு மனக்கண்முன் தோன்றிவிடும். இது எவ்வாறு நிகழ்கிறது?

காட்சி, ஒலி முதலியவற்றின் செய்திகள் தாலமஸ் என்ற பகுதியின் வழியாகவே மூளையின் மேற்புறணியை அடைகின்றன. மணத்தின் செய்தியோ அங்கே செல்லாமலேயே, உணர்ச்சிகளுடன் தொடர்புடைய அமிக்டலாவையும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸை அடுத்த பகுதிகளையும் அடைந்துவிடுகிறது. மணம் எழுப்பும் நினைவில் உணர்ச்சி கலந்திருப்பதற்கு இதுவே காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. பெயர், ஊர், உறவு எல்லாம் நினைவாகவே நம்மிடம் உள்ளன. அப்படியானால் நினைவுகளின் தொகுப்புதான் 'நான்' என்பதா? நினைவு அழிந்தால் நானும் அழிந்துவிடுவேனா?

நினைவை இழந்த மனிதர்

1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பு நோயைத் தணிப்பதற்காக, மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவரையே மீண்டும் புதியவராகச் சந்தித்தார். எனினும் அவர் அறிவிழந்தவர் ஆகவில்லை, உரையாடினார், சிரித்தார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் பார்த்து ஓவியம் வரையும் பயிற்சியை அவருக்கு அளித்தார். நாளுக்கு நாள் அவர் கை தேர்ச்சி பெற்றது; ஆனால் முந்தைய நாள் பயின்றதே அவருக்கு நினைவில்லை! 2008-இல் மறையும்வரை அவர் அந்நிலையிலேயே வாழ்ந்தார்.

இதைக்கொண்டு ஆன்மாவை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று நாம் அவசரப்படக் கூடாது. அவரது மூளையின் பிற பகுதிகள் செயல்பட்டுக்கொண்டுதான் இருந்தன. உணர்வு என்பது எவ்வாறு எழுகிறது என்ற வினாவை 1995-இல் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞர் 'கடினமான பிரச்சினை' என்றார். அனைவரும் ஏற்கும் விடை அதற்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: நினைவு வேறு, உணர்வு வேறு.

பதஞ்சலி முனிவர் மனத்தின் ஐந்து விருத்திகளுள் ஒன்றாகவே நினைவை வைக்கிறார். விருத்திகள் எழுந்து மறைகின்றன; அவற்றை அறிபவன் மாறாதிருக்கிறான் என்பது யோக சாஸ்திரத்தின் முடிவு. அலை அடங்கினால் கடல் இல்லாமல் போய்விடுமா?

நமது கடமை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 100 பேரில் ஏறத்தாழ 13 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்திய மாநிலங்களுள் இதுவே மிக உயர்ந்த விகிதம். முதியோர் பெருகும்போது மறதி நோயும் பெருகுகிறது. மறதியை முதுமையின் இயல்பு என்று புறக்கணிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு போன்ற காரணங்களாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

பெற்ற மகளையே 'நீ யாரம்மா?' என்று தாய் கேட்கும் நாள் வந்தால், அது தாங்கொணாத துயரமே. அப்போது, 'நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று அவரைச் சோதிக்க வேண்டாம். 'அம்மா, நான் உங்கள் மகள்' என்று நாமே சொல்லிக் கையைப் பற்றிக்கொள்வோம். பழகிய பாடலைப் பாடுவோம். பழகிய மணத்தை அருகே கொண்டுவருவோம். பெயர் மறந்த பின்னும் அன்பான தொடுதல் அவருக்கு இதமளிக்கும்.

நம் பெயரை மறந்துவிட்டதால் அவர் வெறும் உடலாகிவிடவில்லை. நினைவுகளுக்கெல்லாம் சாட்சியான அந்தச் சைதன்யம் அவருள் ஒளிர்கிறது என்று உணர்ந்து செய்யும் பணிவிடை வழிபாடே ஆகும். நாள்தோறும் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து, எழுந்து மறையும் நினைவுகளைச் சாட்சியாக நோக்கிப் பழகுபவருக்கு இந்த உண்மை மெல்ல மெல்லத் தெளிவாகும்.