எறிபொருள் கணக்கில் ஆற்றல் அழிவின்மை விதி

குரங்கணியில் கொட்டக்குடி ஆற்றோரப் பாறையில் ஏறித் தண்ணீரில் கல் எறியாத பிள்ளை யார்? (கீழே யாரும் குளிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டுதான்!) பாறை ஆற்றுக்கு மேல் 15 மீட்டர் உயரம் என்றும், கல் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கையைவிட்டுப் புறப்படுகிறது என்றும் கொள்வோம். ஒருத்தி நேரே மேல்நோக்கி எறிகிறாள். இரண்டாமவள் கிடையாக எறிகிறாள். மூன்றாமவள் நேரே கீழ்நோக்கி எறிகிறாள். யாருடைய கல் அதிக வேகத்தில் தண்ணீரைத் தொடும்?

வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் மூன்றாமவளையே சொல்வர். ஆனால் மூன்று கற்களின் வேகமும் ஒன்றே.

காற்றின் தடையை விட்டுவிட்டால், கல்லின் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சேர்ந்த தொகை வழி முழுவதும் மாறாது. இழந்த நிலை ஆற்றல் அத்தனையும் இயக்க ஆற்றலாகிறது. சமன்பாட்டின் இருபுறமும் நிறை வருவதால் அது நீங்கிவிடும்; கல் சிறிதா பெரிதா என்ற கேள்விக்கே இடமில்லை. மிஞ்சுவது இது:

இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × புவியீர்ப்பு முடுக்கம் × இறங்கிய உயரம்.

முடுக்கத்தை 10 எனக் கொண்டால் 100 + 300 = 400. வர்க்கமூலம் 20. ஆகவே வேகம் வினாடிக்கு 20 மீட்டர். எறிந்த கோணம் இதில் எங்குமே வரவில்லை, பாருங்கள்.

ஆனால் கல் எப்பொழுது விழும் என்று கேட்டால் இவ்விதி வாய் திறவாது. மேலே எறிந்தது 3 வினாடியிலும், கிடையாக எறிந்தது சுமார் 1.7 வினாடியிலும், கீழே எறிந்தது 1 வினாடியிலும் விழும். இவற்றைக் காண இயக்கச் சமன்பாடுகளே வேண்டும். ஆற்றலுக்குத் திசை இல்லையாதலால் விழும் கோணத்தையும் அது தானாகச் சொல்லாது. கிடைவேகம் மாறாது என்பதைச் சேர்த்துக்கொண்டால் சொல்லிவிடலாம். இரண்டாமவளின் கல்லுக்குக் கிடைவேகம் 10, மொத்த வேகம் 20. எனவே அது கிடைமட்டத்துக்கு 60 பாகை சாய்வில் தண்ணீருக்குள் நுழைகிறது.

தேர்வில் மதிப்பெண் பறிபோகும் இடம் உச்சிதான். அதே கல்லை 60 பாகை மேல்நோக்கி எறிந்தால் எவ்வளவு உயரும்? உச்சியில் வேகம் சுழி என்று எழுதி, 5 மீட்டர் என விடை தருவோர் பலர். அங்கே கல் நின்றுவிட்டால், பிறகு நேரே கீழேயல்லவா விழ வேண்டும்! சுழியாவது செங்குத்து வேகம் மட்டுமே. கிடைவேகம் 5 அங்கும் இருக்கிறது. 100 − 25 = 75; 20ஆல் வகுக்க, பாறைக்கு மேல் 3.75 மீட்டர்.

நம் மலையின் பழைய இறக்கம் ஒன்றுக்கும் இதே சமன்பாட்டைப் போட்டுப் பார்ப்போமா? முன்பு மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டக்குடிக்கு இறங்கி, போடிக்குப் போயிற்று. அந்த ரயில்பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தது. இறக்கம் 1000 மீட்டர் என்று கொண்டால், ஓய்விலிருந்து புறப்பட்ட தேயிலைப் பெட்டி வினாடிக்கு 141 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்து சேர வேண்டும்! அப்படி எந்தப் பெட்டியும் வரவில்லை. கம்பிவடம் பெட்டியைப் பிடித்திருந்தது. உராய்வு ஆற்றலை வெப்பமாக்கியது. பறக்கும் கல்லையோ எதுவும் பிடித்திருக்கவில்லை. கணக்கைத் தொடங்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி: 60 பாகை மேல்நோக்கி எறிந்த அந்தக் கல் என்ன வேகத்தில், எந்தக் கோணத்தில் ஆற்றைத் தொடும்? (விடை: வினாடிக்கு 20 மீட்டர், சுமார் 75.5 பாகை.)