துலாக்கோல் யார் கையில்?

வாணிகம் என்பது பொருளைக் கொடுத்துப் பொருளைப் பெறுவது மட்டுமன்று. ஒருவரையொருவர் நன்கறியாதோர் தம்முள் நம்பிக்கை கொள்வதுமாகும். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த இருவரிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலுக்கு எழுதப்பட்ட விதிகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஏமாற்றியவன் மறுநாட் காலையில் அதே தெருவில் நடந்தாக வேண்டும். அந்த நாணமே காவல். ஆனால் வேற்று நாட்டினரும் வேற்று மொழியினரும் ஓரிடத்தே கூடும்போது இந்நாணம் காவல் செய்யாது. அங்கே விதி வேண்டும். அவ்விதி எவ்வாறு அமைந்தால் நேர்மையாகும் என்பதை இரு பழைய சந்தைகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது மதீனாவின் சந்தை. கி.பி. 622இல் மக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்தோர் வணிக மரபினர். அவர்களை ஏற்றுக்கொண்ட அன்சாரிகளுள் பலர் பேரீச்சந்தோட்ட வேளாண்மையில் ஈடுபட்டிருந்தோர். ஒரு சாரார் நிறுத்துப் பழகியவர். மற்றவர் முகந்து பழகியவர். இவ்விரு சாராரும் ஒரு சந்தையிற் கூடினால் யாருடைய அளவை செல்லும்? எடைக்கு மக்காவின் வழக்கமும் முகத்தலுக்கு மதீனாவின் வழக்கமும் கொள்ளப்பட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்ததாக அபூதாவூது அவர்களின் நபிமொழித் தொகுப்பு குறிப்பிடுகிறது. வந்தவர் அளவையே வெல்லவில்லை. இருந்தவர் அளவையே நிலைக்கவும் இல்லை. எவர் எதில் தேர்ந்தவரோ அவரது அளவை அதற்குப் பொதுவாயிற்று. சிறிய செய்திதான்; ஆயினும் ஒரு சமுதாயம் தனக்குத்தானே விதி செய்துகொள்ளும்போது முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுவே.

அச்சந்தைக்குரிய பிற விதிகளையும் கூர்ந்து நோக்கினால் அவற்றினூடே ஓர் இழை ஓடுவதைக் காணலாம். சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குதல் தடுக்கப்பட்டது. ஏனெனில் வருபவனுக்கு ஊரின் விலை தெரியாது. அவ்வாறு விற்றுவிட்டவன் சந்தைக்கு வந்து உண்மையை அறிந்தபின் அவ்விற்பனையை முறிக்கவும் உரிமை பெற்றான். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டு மற்றவனை மயக்குதலும் விலக்கப்பட்டது. தானியக் குவியலின் மேற்பரப்பு உலர்ந்திருக்க, உள்ளே கைவிட்ட நபிகளாரின் விரல்களில் ஈரம் பட்டதும், நனைந்த பகுதியை எல்லாரும் காண மேலே வைத்திருக்கலாகாதா என அவர்கள் வினவியதும் பலரும் அறிந்த நிகழ்ச்சி. இவையாவும் இலாபத்தைத் தடுத்தவை அல்ல. விலையேறிய காலத்தில் விலையைக் கட்டுப்படுத்துமாறு மக்கள் வேண்டியபோது நபிகளார் அதற்கு இசையவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையே உள்ள இடைவெளியை வாணிகமாக்குவதே தடுக்கப்பட்டது.

நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. அருகில் நிற்பவருக்கும் விலை தெரியாது. தரகருக்கு அது வசதி. முதன்முறையாக மாடு விற்க வந்த உழவருக்கு எத்தகைய வசதி என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

இரண்டாவது சந்தை நமக்கு இன்னும் அண்மையது. கி.பி. 849இல், சேரமன்னன் தாணு இரவியின் 5ஆம் ஆட்சியாண்டில், வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு புகழ்பெற்றது. அப்பள்ளி மருவான் சபீர் ஈசோ என்னும் கிறித்தவ வணிகர் நிறுவிய தேவாலயம். செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில் உள்ளது. சான்றாக நின்றோரின் ஒப்பங்களோ கூஃபி எழுத்தில் அரபு மொழியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட பாரசீகத்திலும் உள்ளன. முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யூதர்களும் சரதுஷ்டிரரும் ஓர் இந்து மன்னரின் ஆட்சியில் ஒரே ஆவணத்திற்குச் சான்று நின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அதில் வரும் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்பன வணிகக் குழுக்கள். அஞ்சுவண்ணம் யூதருடையதே என ஒரு காலத்தில் கருதினர். மேலையாசிய வணிகர் பலரும் சேர்ந்த அமைப்பு அது என்பதே இன்று ஆய்வாளர் பலர் கொள்ளும் கருத்து. இசுலாமியத் தமிழிலக்கியத்தின் மிகப் பழைய நூலாகக் கருதப்படும் பல்சந்தமாலையில் அஞ்சுவண்ணத்தவர் குறிக்கப்படுவது நம் மாணவர்கள் அறிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி.

இச்செப்பேட்டில் நம் கருத்திற்கு உரியவை மூன்று. வாரக்கோல், கப்பான் முதலிய அளவைகளின் காப்புரிமை தேவாலயத்திற்கு அளிக்கப்பட்டது. விற்பவனும் வாங்குபவனும் அல்லாத, இருவரும் மதிக்கும் ஓரிடத்தில் அளவை வைக்கப்பட்டது எனலாம். அடுத்து, விலை நாட்டலை அரச அதிகாரிகள் தாமே செய்துவிடலாகாது. உரியோரைக் கூட்டியே செய்ய வேண்டும். மூன்றாவதே என்னை வியக்க வைப்பது. இவ்வுரிமைகளைப் பெற்றோர்க்கு அநியாயம் நேருமாயின், அவர்கள் உல்கு என்னும் சுங்கத்தையும், துலாக்கூலி என்னும் நிறைக்கூலியையும் தடுத்து வைத்துத் தம் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம். விதியை மீறுபவர் ஆட்சியாளராகவே இருந்தால் என்ன செய்வது என்னும் வினாவுக்கு விதிக்குள்ளேயே விடை வைக்கப்பட்டிருந்தது. பழைய ஆவணங்களில் உரிமைகளைப் பட்டியலிடுவோர் பலர். அவை பறிக்கப்படும்போது கையில் ஒரு கருவியையும் கொடுத்தோர் சிலரே.

ஆயினும் இச்செப்பேட்டைப் புகழ்ந்து மட்டும் செல்வது ஆய்வாகாது. நிலத்தோடு சேர்த்து ஈழவர், வண்ணார் முதலிய தொழிற்குடிகளையும் அது பள்ளிக்கு அளிக்கிறது. அவர்கள் செலுத்த வேண்டிய சில வரிகள் நீக்கப்பட்டன என்பது உண்மையே. ஆனால் அவர்களைக் கூட்டிக் கேட்டதாக அதில் யாதொன்றும் இல்லை. வணிகர் தமக்குள் நேர்மையாக வகுத்துக்கொண்ட விதி, பனையேறியவனைப் பொருளாகவே எண்ணிற்று.

இன்று கடல் கடந்து வந்த வணிகனைப் போலவே, கைப்பேசித் திரைக்கு அப்பால் இருப்பவரும் நமக்கு முகம் அறியாதவர். இந்திய அரசு 2020இல் வெளியிட்ட மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பவரே வாங்கியவர்போல் நடித்துப் பாராட்டுரை எழுதுவதைத் தடை செய்கின்றன. மதீனாச் சந்தையில் பொய்யாக விலையேற்றிக் கேட்டவனின் புது வேடமே இது. முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. வாங்குபவரைப் பொறுத்தவரை இவை நல்ல விதிகளே.

ஆனால் துலாக்கோல் யார் கையில் உள்ளது? எந்தப் பொருள் முதலில் கண்ணிற்படும், எவருடைய கடை திடீரென மூடப்படும், கழிவுக்கூலி எவ்வளவு என்பவற்றையெல்லாம் சந்தையை நடத்தும் நிறுவனமே முடிவு செய்கிறது. சில வேளைகளில் அதே நிறுவனம் தன் பெயரில் சரக்கும் விற்கிறது. காஞ்சியிலோ கரூரிலோ இருந்துகொண்டு அதன் வழியே துணி விற்கும் சிறு நெசவாளரைக் கூட்டி எவரும் விலை நாட்டுவதில்லை. கொல்லத்து வணிகருக்கு அநியாயம் நேர்ந்தால் அவர் துலாக்கூலியைத் தடுத்து வைக்க முடிந்தது. இவருடைய துலாக்கூலியோ, விற்ற பணம் இவர் கைக்கு வருமுன்பே கழிக்கப்பட்டு விடுகிறது.