அறமும் முறைமையும்

அறச்சாலை ஒன்றைத் தொடங்குதல் எளிது. அதனை நிலைபெறச் செய்தலே அரிது. தொடங்குவதற்கு இரக்கம் போதும். நிலைபெறுவதற்கோ முறைமையும் வேண்டும். இவ்வுண்மையை மதுரையில் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

இதனை நிறுவிய கோவிந்தப்பா வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டு எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் பயின்று 1944-இல் பட்டம் பெற்றார். மகப்பேற்று மருத்துவராதல் வேண்டும் என்பது அவர்தம் அவா. ஆயின் கொடிய மூட்டுவாதம் அவர் விரல்களை முடக்கிற்று. அவர் மனம் முடங்கவில்லை. கண் மருத்துவத்தை மேற்கொண்டு, கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். 1976-இல் அரசாங்கப் பணியினின்று ஓய்வு பெற்றபின், உடன்பிறந்தார் துணையோடு பதினொரு படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். அவ்வித்தே பின்னர்த் தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) முதலிய இடங்களிற் கிளைத்தது.

இவ்வளர்ச்சிக்குக் காரணங்கள் யாவை? முதலாவது, பொருளுடையார் செலுத்தும் கட்டணத்தின் மிகுதியே பொருளிலார்க்குச் சிகிச்சையாகும் ஏற்பாடு. ஆதலின் அன்றாடப் பணிக்குப் பிறர் நன்கொடையை எதிர்நோக்கும் நிலை நீங்கியது. இரண்டாவது, காலத்தைப் போற்றுதல். அறுவைக்கூடத்தில் ஒரு மேசையில் மருத்துவர் தொழில் செய்கையில், அடுத்த மேசையில் மற்றொரு நோயாளி ஆயத்தமாயிருப்பார். கிராமங்களினின்று வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள் ஏனைய பணிகளைச் செவ்வனே ஆற்றுவர். மூன்றாவது, கண்ணினுள் பொருத்தும் வில்லை. அயல்நாட்டினின்று வந்த வில்லை ஏழைக்கு எட்டாத விலையினதாயிருந்தது. 1992-இல் நிறுவப்பெற்ற ஆரோலேப் என்னும் தொழிற்சாலை, அதனைப் பன்மடங்கு குறைந்த விலையில் ஆக்கித் தந்தது.

இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் சிற்றூர் மக்கள் பலர் வந்திலர். ஏன்? பேருந்துக் கட்டணமும், வழிச்செலவும், உடன் வருபவரது ஒருநாட் கூலியும் அவர்களைத் தடுத்தன. இதனை உணர்ந்த மருத்துவமனையார், சிற்றூர்களிலே முகாம் நடத்தி, நோயாளிகளைத் தாமே அழைத்துச் சென்று, உணவும் உறையுளும் அளித்து மீண்டும் ஊரிற் கொண்டு சேர்க்கலாயினர். கொடுப்பவன் வாயிலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. பெறுபவன் அவ்வாயிலை அடையும் வழியையும் எண்ணுதல் வேண்டும்.

முறைமை மிகின் இரக்கம் குறையும் என்று ஐயுறுவார் உளர். பார்வையிழந்தார் பலர் காத்திருக்கும் இடத்தில், மருத்துவர் வீணாக்காத ஒவ்வொரு நாழிகையும் ஒருவர்க்குக் கண்ணொளி ஆகின்றது. அங்கே முறைமையே இரக்கத்தின் வடிவம்.

வெங்கடசாமி 2006-இல் மறைந்தார். அவர் வகுத்த முறை மறையவில்லை. விடுமுறைகளில் சிற்றூர்ப் பணிக்குச் செல்லும் மாணவ நண்பர்களே! நாம் நல்கும் உதவி பெறுபவர் கையை எட்டுகின்றதா என்று ஒருமுறை வினவிப் பார்ப்போமாக.