மாதிரியும் போலவும்

கொழும்புத்துறையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆச்சி இருக்கிறார். பின்னேரங்களில் கடற்காற்று வரும் நேரம் படலையடியில் கதிரை போட்டு இருப்பார். போன மாதம் ஒருநாள் நான் ரியூசன் முடிந்து வரும்போது, "பிள்ளை, நீ இப்ப எங்கடை பிள்ளையள் மாதிரியே கதைக்கிறாய்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கும் முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் அந்த 'மாதிரி' குத்தத் தொடங்கிவிட்டது. எங்கள் உம்மும்மா இதே யாழ்ப்பாணத்தில் சோனகத்தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போனவர். நான் பிறந்தது புத்தளத்தில். அப்படியென்றால் நான் இந்த ஊர்ப் பிள்ளையா, இந்த ஊர்ப் பிள்ளை மாதிரியா?

இந்தக் கேள்வியோடுதான் தமிழ்ப் பாடக் கொப்பியில் உவமையணியைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன்.

உவமைக்கு உறுப்பு நான்கு என்று படித்திருக்கிறோம். "அவிச்ச இறால் மாதிரி முகம் சிவந்து போச்சு" என்று உம்மா அடிக்கடி சொல்வார். இதில் முகம் பொருள், இறால் உவமை, சிவப்பு பொதுத்தன்மை, 'மாதிரி' உவம உருபு. அரபு அணியிலக்கணத்தில் உவமைக்குத் 'தஷ்பீஹ்' என்று பெயர். அங்கும் உறுப்புகள் இதே நான்குதான். பொருள் 'முஷப்பஹ்', உவமை 'முஷப்பஹ் பிஹி', பொதுத்தன்மை 'வஜ்ஹுஷ் ஷபஹ்', உருபு 'அதாத்'. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே கணக்கைப் போட்டிருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அந்த உருபு எங்கே நிற்கிறது, அது என்ன இனச் சொல் என்பதில் மொழிகள் பிரிகின்றன. அரபில் 'க' என்ற ஓரெழுத்தே போதும். சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். 'கல்கமர்' என்றால் நிலவைப் போல. ஆங்கிலத்தில் 'லைக்' முன்னால் வரும். சிங்களத்தில் 'ஹந்த வகே' என்று நம்மைப்போலப் பின்னால் வரும். தமிழில் மட்டும் ஒரு விசேடம்: 'போல' என்பது வினையிலிருந்து பிறந்தது. போல் என்பது பகுதி. போன்றான், போன்றது என்றெல்லாம் விகற்பிக்கலாம். அதனால்தான் 'நான் போல' என்று சொல்லாமல், செயப்படுபொருளுக்குரிய 'ஐ' உருபு சேர்த்து 'என்னைப் போல' என்கிறோம். 'மாதிரி' பெயர்ச்சொல், இருந்தும் 'போல'வின் இடத்துக்கு வந்தவுடன் அதன் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு 'என்னை மாதிரி' ஆகிவிட்டது. (வந்த ஊரின் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வது சொல்லுக்கும் உண்டு.)

தொல்காப்பிய உவமவியலைப் புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் பதிப்பில் பார்க்கக் கிடைத்தது. பேராசிரியர் உரையோடு அந்தப் பகுதி 1943இல் வந்தது. தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காக வகுக்கிறார். செயலால் ஒப்பு, பயனால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. காற்று மாதிரிப் போனான், மழை மாதிரி அள்ளிக் கொடுத்தார், பனை மாதிரி உயரம், கரி மாதிரிக் கறுப்பு என்று நம் பேச்சிலிருந்தே நான்குக்கும் உதாரணம் தரலாம். உருபுகளையும் அவர் ஆறு ஆறாக அடுக்கி 36 சொல்கிறார். நன்னூல் பெயர் சொல்லித் தருவது 12; மீதியைப் 'பிற' என்று விட்டுவிடுகிறது. தொல்காப்பியர் 'அன்ன' என்பதை வினையுவமத்தில் வைக்கிறார்; 'போல' என்பதையோ உருவுவமத்தில், அதாவது நிறத்தின் பக்கம் வைக்கிறார். இன்று அதே 'போல' எல்லா வேலையையும் பார்க்கிறது.

அந்த 36ஐ ஒவ்வொன்றாக வாசித்தபோதுதான் எனக்கு விசயம் விளங்கியது. எள்ள, கள்ள, வெல்ல, மறுப்ப, நடுங்க ஆகியனவும் உவம உருபுகளாம். எள்ளுதல் இகழ்தல், கள்ளுதல் திருடுதல். முகம் நிலவை வெல்ல என்றாலும் நிலவைப் போல என்றுதான் கருத்து. ஒப்புமை என்பதற்குள்ளே ஒரு சண்டை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ராத்தாவோடு ஒப்பிட்டே பேசப்பட்ட எந்தத் தங்கைக்கும் இது உரையில்லாமலே விளங்கும்.

இரண்டு பொருள் வேறு வேறாக இருந்தால்தான் ஒப்பிடலாம். தண்டியலங்காரத்தில் பொதுநீங்குவமை என்று ஒன்று உண்டு. ஒரு பொருளுக்கு அதுவே உவமை என்பது. உனக்கு நீயே நிகர் என்றால் வேறு ஒப்பு இல்லை என்று அர்த்தம். குர்ஆனில் அஷ்ஷூறா அத்தியாயத்தின் 11ஆம் வசனம், அல்லாஹ்வுக்கு ஒப்பு இல்லை என்று சொல்லும்போது 'க', 'மித்ல்' என்ற இரண்டு ஒப்புமைச் சொற்களையும் சேர்த்தே மறுக்கிறது. அழுத்தத்துக்காக என்று விளக்குவார்கள்.

'போல' இன்னொரு வேலையும் செய்கிறது. "மழை வரும்போலை கிடக்கு" என்று ஆச்சி சொன்னால் அது உவமையல்ல, ஊகம். சிங்களத்தில் 'வஹினவா வகே' என்பதும், அரபில் 'க'வோடு சேர்ந்த 'கஅன்ன'வும் இப்படித்தான். நிச்சயமாகத் தெரியாததையும் ஒப்புமைச் சொல்லால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உருபு மறைந்தால் மதிமுகம் என்ற உவமைத்தொகை. ஒப்பே மறைந்து முகமே மதி என்று ஆகிவிட்டால் முகமதி, அது உருவகம். அரபில் உருபையும் பொதுத்தன்மையையும் விட்டுவிடுவது 'தஷ்பீஹ் பலீக்'. உவமைகளில் உயர்ந்தது அதுதான் என்பார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த கிழமை, சைக்கிளில் வரும் மீன்காரரிடம் உம்மா என்னைத் திரளி வாங்க அனுப்பினார். ஆச்சியும் வாங்க நின்றார். அவர் தராசைப் பிடித்தபோது ஆச்சி, "தம்பி, இது எங்கடை பிள்ளை, பாத்துப் போடும்" என்றார். 'மாதிரி' இல்லை. ஆச்சி இலக்கணம் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார், மீனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். ஒரு மீன் கூடவே விழுந்தது.