ஈறு தேயாமல் பல் தேய்க்க

அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கை கடலூரில் செம்மண்டலம், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று எங்கும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பல்லில் படிவது கிருமிகள் சேர்ந்த வழவழப்பான படலம். மென்மையான பிரஷ் பட்டாலே அது கலைந்துவிடும். அழுத்தினால் தேய்வது ஈறுதான். இறங்கிவிட்ட ஈறு தானாக மேலே ஏறாது.

1. கடையில் 'சாஃப்ட்' என்று அச்சிட்ட பிரஷ்ஷாகக் கேட்டு வாங்குங்கள். 'ஹார்டு' வேண்டவே வேண்டாம். தலைப்பகுதி சிறியதாக இருந்தால்தான் கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறம் வரை போகும்.

2. பிரஷ்ஷைக் கைமுட்டிக்குள் இறுக்காமல், பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடியுங்கள். அழுத்தம் அப்போதே குறைந்துவிடும். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சாய்வாக, ஏறத்தாழ 45 பாகையில் வையுங்கள். மேல்வரிசைக்கு நார்கள் மேல்நோக்கியும் கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கியும் இருக்கட்டும். வைத்த இடத்திலேயே மெல்ல அதிர்வதுபோல் பத்துப் பன்னிரண்டு முறை அசைத்து, ஈறிலிருந்து பல்லின் நுனிப்பக்கமாக வழித்துவிடுங்கள். பிறகு அடுத்த இரண்டு பல். முன்பற்களின் உட்பக்கத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் 1948-ல் எழுதிய முறையின் சற்றே மாற்றிய வடிவம் இது. பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

3. ஒரு வேளைக்கு இரண்டு நிமிடம். இரவில் தேய்ப்பதை விடவே கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் கிருமிகளுக்கு அதுதான் வசதியான நேரம்.

4. பிரஷ்ஷைத் திருப்பி, அதன் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். வாங்கி ஒரு மாதத்துக்குள் நார்கள் இரு பக்கமும் விரிந்து வெளியே தெரிந்தால், நீங்கள் அழுத்துகிறீர்கள். விரியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

5. ஈறை ஒட்டியுள்ள பல்லின் கழுத்தில் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்குகிற பள்ளம் இருந்தால், குறுக்கே அறுப்பதுபோல் தேய்த்துவந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

6. சாம்பல், உமிக்கரி, செங்கல் பொடி, கரகரப்பான பற்பொடி எல்லாம் பல்லையும் ஈறையும் சேர்த்தே தேய்ப்பவை. வேப்பங்குச்சிப் பழக்கம் உள்ள பெரியவர்களை அதை விடச் சொல்ல வேண்டியதில்லை. நுனியைப் பஞ்சாகும்வரை மென்று, ஈறிலிருந்து பல்லை நோக்கி மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டை ஒரு வேளையாவது சேர்த்துக்கொண்டால் நல்லது.

7. ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். பலர் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். படலம் அங்கேயே தங்கி, இறுகிக் காரையாகி, ஈறு இன்னும் வீங்குகிறது. அந்த இடத்தைத்தான் மென்மையாக, தவறாமல் தேய்க்க வேண்டும். இரண்டு வாரமாகியும் ரத்தம் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

8. பேஸ்ட் பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு. எலுமிச்சை ஜூஸோ சோடாவோ குடித்த உடனே தேய்க்காமல் அரை மணி நேரம் பொறுங்கள். புளிப்பு பட்ட எனாமல் அப்போது இளகியிருக்கும்.

9. பல்லிடுக்கில் முந்திரித் துணுக்கோ மீன் முள்ளோ மாட்டிக்கொண்டால் கை உடனே ஊக்கைத் தேடும். வேண்டாம், ஈறு கிழிந்துவிடும். பல் இடுக்குக்கென்று நூலும் சிறு பிரஷ்ஷும் மருந்துக்கடையில் கிடைக்கின்றன.

10. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமம். பிபிக்குத் தரும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின் மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதுண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்குவதும் ரத்தம் கசிவதும் அடிக்கடி காண்பதுதான். புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. 'எனக்கு ரத்தமே வருவதில்லை' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

11. இறுகிவிட்ட காரை எந்த பிரஷ்ஷுக்கும் போகாது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும். 'கிளீனிங் பண்ணினால் பல் ஆடும்' என்று பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980-ல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. ஈறு நோய்க்கென்று தனிப் பிரிவே அங்கு இருக்கிறது. போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.