டப்போ ஜூவுக்கு இரண்டு காலை வேண்டும்

சிட்னியிலிருந்து டப்போ ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வெறும் காரில் ஐந்து மணி நேரம். பின்னால் கேரவன் இருந்தால், புளூ மவுண்டன்ஸ் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து இன்னும் ஒரு மணி நேரமாவது கூடுதலாக வையுங்கள். அதனால் வந்து சேரும் நாளை ஜூவுக்கென்று கணக்கில் எடுக்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் கேரவன் பார்க்கில் வண்டியை நிறுத்திக் கழற்றிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். பளுவை இழுத்துக்கொண்டு போகும் வண்டி சட்டென்று நிற்காது. இடத்தை மூன்று இரவுக்குப் பதிவு செய்யுங்கள். இரண்டு இரவு போதும் என்று தோன்றும், ஆனால் பெரும்பாலான பார்க்குகளில் காலை பத்து மணிவாக்கில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். இரண்டாவது காலை முழுவதும் மின்கம்பியைச் சுருட்டுவதிலும் கேரவனை மாட்டுவதிலும் போய்விடும். இந்தப் பயணத்தின் பயனே அந்தக் காலையில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். 1977இல் திறந்த டாரோங்கா வெஸ்டர்ன் பிளெயின்ஸ் ஜூவைப் பற்றி, காருக்குள் உட்கார்ந்தபடியே சிங்கத்தின் பக்கத்தில் ஓட்டிப் போகலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் அதிகம். அது அப்படிப்பட்ட இடம் அல்ல. சுமார் ஆறு கிலோமீட்டர் வளையமாக ஒரு சாலை. சொந்தக் காரில், சைக்கிளில், நடந்து, எப்படியும் போகலாம். ஆனால் விலங்குகள் சாலையில் இல்லை. ஆங்காங்கே வண்டியை நிறுத்தி, இறங்கி, பார்வையிடம் வரை நடக்க வேண்டும். கம்பிக் கூண்டுக்குப் பதிலாகப் பல இடங்களில் அகழிதான் நமக்கும் விலங்குக்கும் நடுவே இருக்கிறது. அடைப்புகள் விசாலமானவை, விலங்கு நமக்கு அருகே வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. நிற்காமல் ஓட்டினால் கால் மணி நேரத்தில் வளையம் முடிந்துவிடும், பார்த்ததோ மரங்களாக இருக்கும். ஆகவே இங்கே பார்ப்பது நாம் ஓட்டும் தூரத்தைப் பொறுத்ததல்ல, விலங்கு எழுந்து நடமாடும் நேரத்தைப் பொறுத்தது. ஜனவரியில் டப்போவின் சராசரி உச்ச வெப்பம் 33 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த நேரத்தில் காண்டாமிருகம் சேற்றிலோ நிழலிலோ கிடக்கும். சிங்கம் எப்படியும் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கிற பிராணி. குளிர்காலத்தில் கதை மாறும்: விடியலில் வெப்பம் சுழியத்தை நெருங்கும், பிறகு இளவெயில் ஏறும்போது விலங்குகள் வெயில் காய வெளியே வரும். எந்தப் பருவமானாலும் கதவு திறந்ததிலிருந்து மதியம் வரையிலான நேரமே பொன்னான நேரம். ஒரு காலைக்குள் வளையம் முழுவதையும் அடக்கினால், பின்பாதி விலங்குகள் அனைத்தும் உச்சிவெயிலில்தான் உங்கள் கண்ணில் படும்.

எனவே வளையத்தை இரண்டாகப் பிரியுங்கள். நுழைவுச்சீட்டு அடுத்தடுத்த இரண்டு நாளுக்குச் செல்லும் வகையில் தரப்படுவதால், வாங்கும்போதே அதை உறுதி செய்துகொண்டால் கூடுதல் செலவில்லை. முதல் காலை நுழைவாயில் பக்கத்து ஏரித் தீவுகளில் தொடங்கட்டும். கிப்பன் இனக் குரங்குகள் காலையில்தான் வாய்விட்டுக் கூவும், வெகுதூரம் கேட்கும். அங்கிருந்து பாதி வளையம் வரை போய்த் திரும்பிவிடுங்கள். மறுநாள் நேரே மீதிப் பாதிக்குப் போங்கள், முன்பு பார்த்த இடத்தில் நிற்க வேண்டாம். கறுப்பு, வெள்ளை, இந்திய ஒற்றைக் கொம்பு என மூன்று வகைக் காண்டாமிருகங்களுக்கும் தாராளமாக நேரம் வையுங்கள். மூன்றையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் வாய்க்காது. சைக்கிள் இருந்தால் கேரவனோடு எடுத்து வாருங்கள், இல்லையென்றால் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். காரில் வருகிறவர் அடுத்த நிறுத்தம் எங்கே என்று பார்த்தபடி போகிறார். சைக்கிளில் போகிறவர் புதருக்குள் அசைவு தெரிந்த இடத்தில் காலூன்றி நிற்கிறார். செல்ல நாயை உள்ளே விட மாட்டார்கள், அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யுங்கள்.

“குழந்தைகள் இருக்கிறார்கள், ஏசி கார்தான் சரிப்படும்” என்பார்கள். நியாயம்தான். ஆனால் நடையைவிட, பத்து தடவை இறங்கிப் போய் ஒன்றும் பார்க்காமல் திரும்புவதுதான் குழந்தையைக் களைப்பாக்கும். மூன்று மணி நேரத்தில் ஆறு விலங்கை நன்றாகப் பார்த்த பிள்ளை மறுநாள் தானாகவே கிளம்பும். “எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான்” என்பது வலுவான ஆட்சேபம். அப்படியானால் பாதி வளையத்தை மட்டும் பாருங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். முழுவதையும் பார்த்தோம் என்ற கணக்குக்காக இருபது உறங்கும் முதுகுகளைப் பார்ப்பதில் பொருளில்லை.

மதியங்கள் ஊருக்கு. 1966இல் மூடப்பட்ட பழைய டப்போ சிறை நகரின் நடுவிலேயே இருக்கிறது, நிழலும் உண்டு. பழங்குடியினரான ஜிம்மி கவர்னரோடு, பிரீலாங் என்ற இடத்தில் நடந்த கொலைகளில் சேர்ந்திருந்த ஜாக்கி அண்டர்வுட் 1901 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டது இங்கேதான். பழங்குடியினர்மீது அந்தக் காலம் காட்டிய முகத்தை அறிய விரும்புகிறவர்கள் அந்த வழக்கைப் படித்துவிட்டு உள்ளே போவது நல்லது. மரப்பலகைகளால் கட்டிய 1840களின் டண்டுலிமல் வீடு ஜூ இருக்கும் அதே ஓப்லி சாலையில்தான். திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள். சுட்டெரிக்கும் மதியத்துக்கு, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள வெலிங்டன் குகைகளே உகந்தவை. கேரவனைப் பார்க்கிலேயே விட்டுவிட்டுக் காரில் போய்வாருங்கள்.

நான்காம் நாள் வந்த வழியே திரும்பாமல் நியூவெல் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் பார்க்ஸ் ஊருக்குச் சற்று முன்னால் வானொலித் தொலைநோக்கி வரும். 1961இல் திறக்கப்பட்டது, தட்டின் விட்டம் 64 மீட்டர். 1969இல் நிலவில் மனிதன் நடந்த காட்சி உலகத்துக்குப் போனதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. தொலைநோக்கிக்கு இடையூறாகாதபடி கைபேசியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் நில்லுங்கள். பிறகு ஆரஞ்சு நகர் வழியாகச் சிட்னி திரும்பலாம். தூரம் கூடும் என்பதால், காலை ஒன்பதுக்குள் டப்போவை விட்டுக் கிளம்ப முடியாவிட்டால் ஆரஞ்சில் ஓர் இரவு தங்குங்கள்.