வெறுங்கால் வீரரின் வாக்கு



மாலை வேளையில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் போகிறவர்கள், மணல் வெளியில் சிறுவர்கள் பந்து உதைப்பதைக் காணலாம். சப்பாத்து அணிந்தவன் ஒருவன் என்றால் வெறுங்காலோடு ஓடுபவர்கள் பலர். 2004இல் கடல் பொங்கி வந்ததையும், 2006இல் போருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியதையும் பெற்றோர் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். இத்தகைய வீடுகளில், “பிறருக்குக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது?” என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடையாக, வெறுங்காலோடு விளையாடிய ஒருவரின் வாழ்க்கையை இவ்வாரம் படிப்போம்.

அவர் பெயர் முகமது சலீம். கல்கத்தாவைச் சேர்ந்த இஸ்லாமியர். முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934இல் கல்கத்தா லீக் கிண்ணத்தை வென்ற முதல் இந்தியக் கழகமாகப் புகழ்பெற்றபோது அதில் ஆடியவர். 1936இல் தமது சகோதரருடன் ஸ்கொட்லாந்துக்குக் கப்பலேறி, கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்தில் வாய்ப்புக் கேட்டார்.

இந்தச் செல்டிக் கழகத்தின் பிறப்பை நாம் அறிந்திருத்தல் நன்று. அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர் மரிஸ்ட் சபைத் துறவி சகோதரர் வோல்பிரிட். பட்டினியோடு பள்ளிக்கு வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் தேடியே அவர் 1887இல் இக்கழகத்தைத் தொடக்கி வைத்தார். ஆயினும் 1892இல் அவர் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897இல் கழகம் பங்குதாரர்களின் கம்பனியாயிற்று. ஏழைகளின் பந்தி மெல்ல மெல்லப் பின்தள்ளப்பட்டது. நற்செயல்கள் பல, பணம் பெருகும்போதே தம் நோக்கத்தை மறக்கின்றன. நமது சங்கங்களுக்கும் இது பொருந்தும் அல்லவா?

அந்தக் கழகத்தின் வாசலில்தான் சலீம் வந்து நின்றார். சப்பாத்து அணிந்து ஆட அவருக்குப் பழக்கமில்லை. முகாமையாளர் வில்லி மேலி அவரை வெறுங்காலோடே ஆட அனுமதித்தார். பயிற்சியாளர் ஜிம்மி மக்மெனெமி குனிந்து சலீமின் பாதங்களுக்குத் துணிப்பட்டி சுற்றிவிடும் புகைப்படம் இன்றும் இருக்கின்றது. 1936 ஆகஸ்டில் கழகத்தின் இரண்டாம் அணி கால்ஸ்டன் அணியை ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. சலீமின் கால் வித்தையைக் கண்டு பத்திரிகைகள் வியந்தன.

ஆனால் சலீமின் மனம் தாய்நாட்டையே நாடிற்று. பின்னாளில் அவர் மகன் நினைவுகூர்ந்த செய்தி இது: அவரை எப்படியாவது தங்கவைக்க விரும்பிய கழகம், அவருக்காக ஓர் உதவி ஆட்டம் நடத்தி, வசூலில் நூற்றுக்கு ஐந்து வீதம் தருவதாகச் சொன்னது. ஐந்து வீதம் எவ்வளவு என்று சலீமுக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டிருந்த அநாதைப் பிள்ளைகளுக்கே தமது பங்கைக் கொடுங்கள் என்றார். கணக்குப் பார்த்தபோது அவர் நினையாத பெருந்தொகை வந்தது. திகைத்தார், ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

இங்கேதான் நமக்குப் பாடம். சிறிதென்று எண்ணி வாக்களிப்பது எளிது. பெரிதென்று தெரிந்த பின்னும் அந்த வாக்கைக் காப்பதே தர்மம். பசித்த பிள்ளைகளுக்காகக் கத்தோலிக்கத் துறவி ஒருவர் தொடக்கிய கழகத்தில், அந்தப் பழைய நோக்கத்தை மீண்டும் நிறைவேற்றியவர் ஓர் இஸ்லாமியச் சகோதரர். மூதூரும் ஈச்சிலம்பற்றும் அயலூர்களாய் வாழும் நமது மண்ணில், இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருக்கலாமா?

சலீம் கல்கத்தா திரும்பி, பழைய கழகத்திலேயே ஆடி, 1980இல் மறைந்தார். முதுமையில் நோயுற்றபோது மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பணத்துக்காக அல்ல, தந்தையை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறியவே. நூறு பவுணுக்கான வங்கிக் காசோலை வந்தது. மகனை மகிழ்வித்தது தொகையல்ல, தந்தை மறக்கப்படவில்லை என்ற செய்தியே.

குடும்பமாகச் சிந்திக்க:

1. சிறிதென நினைத்துக் கொடுத்த வாக்கு பெரும் சுமையானபோது நாம் என்ன செய்தோம்?

2. நமது பங்கின் சங்கங்கள் எந்த நோக்கத்தோடு தொடங்கின? இன்று அந்த நோக்கம் எங்கே?

3. அயல்வீட்டு இஸ்லாமியப் பிள்ளையோடு நம் பிள்ளை விளையாட நாம் இடமளிக்கிறோமா?